காட்டுக்கு ஒரு நற்சான்று

மரக்காலையில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் பலகைகளைப் பார்த்த மாத்திரத்தில், இது தேக்கு, இது வேம்பு, இது பாலை என்று பழகிய தச்சர் கூறிவிடுவர். பலகையின் ரேகையையும் வைரத்தையும் கொண்டு மரத்தின் முதிர்ச்சியையும் உறுதியையும் அளவிட்டுவிடுவர். ஆனால் அந்த மரம் நின்ற காடு இன்று எந்நிலையில் உள்ளது என்பதைப் பலகை சொல்லாது. முறைப்படி தெரிந்தெடுத்து வெட்டப்பட்ட மரமும், இரவோடிரவாகத் திருடப்பட்ட மரமும், வாள் பட்டபின் ஒன்றுபோலவே தோன்றும். சந்தையிலோ பெரும்பாலும் திருட்டு மரமே மலிவாகக் கிடைக்கின்றது. திருடுபவனுக்குக் கன்று நடும் செலவில்லை, காவற் செலவில்லை, அரசிறையும் இல்லை. இதனால் காட்டைப் பேணுபவர் வணிகத்திலே தோற்க, காட்டை அழிப்பவர் வெல்லும் நிலை உண்டாகின்றது. இந்த நிலையை மாற்றும் பொருட்டு எழுந்த ஏற்பாடுகளுள் ஒன்றே காடுகளுக்கும் அவற்றின் மரப் பொருள்களுக்கும் நற்சான்று வழங்கும் முறையாகும்.

இச்சான்று மரத்தின் தரத்தைப் பற்றியதன்று என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். பலகை கோணாது, உளுக்காது, நூறாண்டு நிலைக்கும் என்று அது உறுதி கூறுவதில்லை. பலகை எந்தக் காட்டிலிருந்து வந்ததோ அந்தக் காடு நன்கு பராமரிக்கப்படுகின்றது என்றே அது கூறுகின்றது. அரசு வழங்கும் அனுமதிப்பத்திரமும் இதுவும் வேறு. அனுமதிப்பத்திரம் சட்டப்படி ஒருவர் பெறவேண்டியது. நற்சான்று காட்டுக்கு உரியவர் தாமே விரும்பிப் பெறுவது. முன்னையது இல்லாவிடிற் குற்றம். பின்னையது இல்லாவிடிற் குற்றமில்லை, ஆனால் சில சந்தைகளின் கதவு திறவாது.

நன்கு பராமரிக்கப்படும் காடு எது என்னும் வினா பழையது. ஜேர்மனியின் சக்சனி நாட்டில் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் பெருமளவு மரம் தேவைப்பட்டது. அயலிலுள்ள காடுகள் அருகிவருவதைக் கண்ட சுரங்க அதிகாரியான ஹன்ஸ் கார்ல் வொன் கார்லோவிற்ஸ் என்பவர், 1713ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். நிலைபேறு என்று இன்று எங்கும் பேசப்படும் கருத்து வனவியலில் வேரூன்றியது இவ்வாறேயாகும். நம் நாட்டு உழவர் இதனை வேறொரு வகையில் என்றும் அறிந்தவரே. விதைநெல்லை எடுத்துச் சமைத்த குடும்பம் அடுத்த போகத்தில் என்ன செய்யும் என்று அவர்களைக் கேட்கவேண்டியதில்லை.

கார்லோவிற்ஸ் கருதியது மரத்தின் அளவை மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கருத்து விரிந்தது. ஆண்டுதோறும் அதே அளவு மரம் தரும் காடாயினும், அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் துரத்தப்பட்டிருந்தால், ஓடைகள் சேறடைந்திருந்தால், பறவையும் விலங்கும் ஒழிந்திருந்தால், அதனை நன்கு பேணப்பட்ட காடு என்று கூறலாமா என்னும் கேள்வி எழுந்தது. ஆகவே மரம், உயிரினம், மனிதர் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கும் அளவுகோல் தேவையாயிற்று.

1980ஆம் ஆண்டுகளில் வெப்பமண்டலக் காடுகள் அழிந்துவரும் செய்தி ஐரோப்பிய மக்களைக் கலங்கச் செய்தது. அந்நாடுகளிலிருந்து வரும் மரத்தை வாங்காது விலக்கவேண்டும் என்ற இயக்கம் அங்கு எழுந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் அதில் ஓர் இடர் இருந்தது. மரத்துக்கு விலையில்லை என்றானபின் காட்டை வைத்திருப்பதால் யாது பயன் என்று நிலத்துக்கு உரியவர் எண்ணுவர். காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாகவோ தோட்டமாகவோ மாற்றிவிடுவர். மரத்தை விலக்கினால் காடு தப்பும் என்பது உறுதியன்று. 1992இல் ஒஸ்திரியா நாடு, வெப்பமண்டல மரங்கள் யாவும் அடையாளச்சீட்டுடன் விற்கப்படல் வேண்டும் எனச் சட்டமியற்றியது. தம் மரத்துக்கு மட்டும் இந்த நிபந்தனையா, ஐரோப்பிய மரத்துக்கு இல்லையா என்று மலேசியாவும் இந்தோனேசியாவும் எதிர்ப்புத் தெரிவித்தன. அடுத்த ஆண்டிலேயே அக்கட்டாயம் கைவிடப்பட்டது. அதே 1992இல் ரியோ டி ஜெனீரோவிற் கூடிய புவி உச்சி மாநாட்டிலும், காடுகளைப் பற்றி நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை; கட்டுப்படுத்தாத கொள்கை அறிக்கை ஒன்றே கிடைத்தது.

அரசுகளால் ஆகாததைப் பிறர் முயன்றனர். 1993ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில், இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தினர், மர வணிகர், பழங்குடி மக்களின் பிரதிநிதிகள், வனவியலாளர் ஆகியோர் ஒன்றுகூடி வனப் பரிபாலன சபை என்னும் அமைப்பை நிறுவினர். எவ்.எஸ்.சி. என்னும் சுருக்கப் பெயரால் அது வழங்குகின்றது. அதன் தலைமையகம் முதலில் மெக்சிக்கோவின் ஒவாஹாக்கா நகரில் இருந்தது. 2003இல் ஜேர்மனியின் பொன் நகருக்கு மாறியது. அச்சபையின் அமைப்பு நோக்கத்தக்கது. உறுப்பினர் பொருளியல், சமூகம், சுற்றாடல் என்னும் மூன்று பிரிவினராக வகுக்கப்பட்டுள்ளனர். மூன்றுக்கும் சமமான வாக்குப் பலம். ஒவ்வொரு பிரிவிலும் செல்வ நாடுகளுக்குப் பாதி, வளர்ந்துவரும் நாடுகளுக்குப் பாதி எனப் பங்கிடப்பட்டுள்ளது. பணம் படைத்த வணிகர் மட்டும் சேர்ந்து ஒரு விதியை நிறைவேற்றவும் இயலாது. அவர்களை ஒதுக்கிவைத்துப் பிறர் முடிவெடுக்கவும் இயலாது.

இச்சபை வகுத்த கொள்கைகள் பத்து. நாட்டின் சட்டத்துக்கு அமைதல், தொழிலாளரின் உரிமையையும் பாதுகாப்பையும் பேணல், பழங்குடி மக்களின் நில உரிமையை மதித்தல், அயற் கிராமங்களுடன் நல்லுறவு கொள்ளல், காட்டின் பல்வகைப் பயன்களையும் காத்துப் பயன்படுத்தல், நீர், மண், உயிரினம் ஆகியவற்றுக்கு ஊறு நேராது தடுத்தல், எழுத்து மூலமான திட்டம் வைத்திருத்தல், அதன் விளைவுகளைத் தொடர்ந்து கண்காணித்தல், சிறப்பான பாதுகாப்பு மதிப்புடைய பகுதிகளைத் தனியே காத்தல், காட்டு வேலைகள் யாவற்றையும் இவற்றுக்கு இணங்கச் செய்தல் என்பன அவை. இயற்கைக் காட்டை அழித்து ஒரே இன மரத்தை நட்டுவிட்டு, அதனையும் காடு என்று காட்டிச் சான்று பெறுவதைத் தடுக்கும் விதிகளும் உண்டு.

சான்று பெறும் வழி எவ்வாறு என்பதை இனிப் பார்க்கலாம். சபை தானே சான்று வழங்குவதில்லை. நீதிபதியும் சட்டம் இயற்றுபவரும் ஒருவராக இருத்தல் தகாது என்பது போன்றதொரு முறைமை இது. சபை விதியை வகுக்கும். தகுதி பெற்ற தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள் அவ்விதியைக் கொண்டு காட்டைச் சோதிக்கும். அந்நிறுவனங்களின் தகுதியைச் சோதிக்க வேறோர் அமைப்பு உண்டு. காட்டுக்கு உரியவர் விண்ணப்பித்ததும், வனவியல், சூழலியல், சமூகவியல் ஆகிய துறைகளில் தேர்ந்தோர் காட்டுக்கு வருவர். வரைபடங்களையும் கணக்கேடுகளையும் பார்வையிடுவர். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைப் பார்ப்பர். பாதை வெட்டிய இடத்தில் மண் அரித்துள்ளதா, ஓடைக் கரையில் மரங்கள் விடப்பட்டுள்ளனவா என்று நோக்குவர். தொழிலாளரிடம் கூலியைப் பற்றியும், அயற் கிராமத்தாரிடம் குறைகளைப் பற்றியும் விசாரிப்பர். பெருங்குறை காணப்பட்டால் அது தீரும்வரை சான்று கிடையாது. சிறுகுறைகளுக்குத் தவணை கொடுக்கப்படும். சான்று ஐந்தாண்டுக்கு உரியது. ஆயினும் ஆண்டுதோறும் மறு சோதனை நடைபெறும். சோதனையின் சுருக்கம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படும்.

காடு சான்று பெற்றுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. காட்டிலிருந்து வீட்டுக்கு வருமுன் மரம் பல கைகளில் மாறுகின்றது. மரமரியும் ஆலை, பலகை வணிகர், தளபாடத் தொழிற்சாலை, ஏற்றுமதியாளர், கடைக்காரர் எனச் சங்கிலி நீள்கின்றது. இடையில் எங்கேனும் திருட்டு மரம் கலந்துவிட்டால் காட்டிற் செய்த அத்தனை சோதனையும் வீணாகும். ஆகவே அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே சான்று பெறுதல் வேண்டும். ஆலைக்குள் வந்த மரம் எவ்வளவு, வெளியே சென்ற பலகை எவ்வளவு என்று கணக்கு ஒத்திருத்தல் வேண்டும். நூறு கன அடி வாங்கியவர் இருநூறு கன அடி விற்றதாகக் கணக்கிருப்பின் எங்கோ பிழை உண்டு என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஒரு கண்ணி அறுந்தாலும் அப்பால் உள்ளவர் எவரும் முத்திரையைப் பயன்படுத்த இயலாது.

முத்திரையிலும் மூன்று வகை உண்டு. முழுவதும் சான்று பெற்ற காட்டு மரத்தால் ஆனது ஒன்று. பழைய மரத்தையோ பழைய கடதாசியையோ மீண்டும் பயன்படுத்தி ஆக்கியது ஒன்று. கலப்பினால் ஆனது மற்றொன்று. கலப்பு முத்திரையுடைய பொருளில் சான்று பெறாத காட்டு மரமும் ஓரளவு இருக்கலாம். ஆனால் அது சட்டத்துக்கு மாறாக வெட்டப்பட்டதாகவோ, மக்களின் உரிமையைப் பறித்துப் பெற்றதாகவோ இருத்தலாகாது. வாங்குபவர் பலர் இவ்வேறுபாட்டை அறியார். மூன்றும் ஒன்றே எனக் கருதிவிடுகின்றனர்.

எவ்.எஸ்.சி. மட்டுமே இத்துறையில் உள்ள அமைப்பன்று. பெரும்பரப்புக் காடுகளை நோக்கி வகுக்கப்பட்ட விதிகள் தமக்குப் பொருந்தா என்று எண்ணிய ஐரோப்பியச் சிறு காட்டுடைமையாளர் 1999இல் மற்றோர் அமைப்பைத் தோற்றுவித்தனர். பி.ஈ.எவ்.சி. எனப்படும் அது இன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டது. அந்தந்த நாட்டினர் தாமே வகுக்கும் விதிகளைச் சீர்தூக்கி ஏற்றுக்கொள்வது அதன் முறை. பரப்பளவில் அதுவே பெரியது. இரு சான்றுகளையும் ஒருங்கே பெற்ற காடுகளும் பல உள்ளன.

இனி இம்முறை மண்ணில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டின் வடபகுதி பெற்றேன் எனப்படும். பண்டைய மாயா மக்கள் எழுப்பிய திக்கால் நகரத்தின் இடிபாடுகள் அங்குள்ள பெருங்காட்டினுள்ளே நிற்கின்றன. 1990ஆம் ஆண்டில் அரசு இருபது இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அக்காட்டை மாயா உயிர்க்கோளக் காப்பகம் எனப் பிரகடனம் செய்தது. ஒரு பகுதி தேசியப் பூங்காக்களாக ஒதுக்கப்பட்டது. மற்றொரு பெரும்பகுதி பல்பயன் வலயம் எனக் குறிக்கப்பட்டது. ஆனால் அந்தக் காட்டிற் பல காலமாக வாழ்ந்துவந்த குடும்பங்களின் கதி யாது?

அவர்களுட் பலர் காட்டின் சிறு பயன்களைக் கொண்டு வாழ்ந்தவர். சிக்கிள் என்னும் பாலை மரத்திலிருந்து வடித்தெடுப்பது அவர்களின் பழைய தொழில். மெல்லும் இனிப்புப் பசை முன்னாளில் அப்பாலிலிருந்தே செய்யப்பட்டது. அது வேறெந்த மரமும் அன்று. இங்கு வீட்டு வளவுகளிற் பழத்துக்காக நடப்படும் சப்போடில்லாவே அது. வன்னிக் காடுகளில் நிற்கும் பாலை மரம் அதன் நெருங்கிய உறவு. ஷாட்டே என்னும் சிறு பனையின் ஓலையையும் அவர்கள் வெட்டி விற்றனர். அவ்வோலைகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்று பூமாலை வேலைகளுக்கும் குருத்தோலை ஞாயிறு வழிபாட்டுக்கும் பயன்படுகின்றன. இவற்றுடன் காட்டில் மகோகனி மரமும் நின்றது. அதனை வெட்டும் உரிமை முன்னர் பெரு நிறுவனங்களின் கையிலேயே இருந்தது.

காப்பகத்தின் பேரால் தாம் வெளியேற்றப்படுவோம் என அஞ்சிய கிராமத்தார் ஒன்றுதிரண்டு உரிமை கோரினர். 1994இல் முதற் கிராமத்துக்குக் காட்டின் ஒரு பகுதி ஒப்பந்த முறையில் அளிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு கிராமங்களும் பெற்றன. 1995இல் இக்கிராமங்கள் தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டன. ஒப்பந்தம் இருபத்தைந்து ஆண்டுக்கு உரியது. நிலம் அரசினுடையது, பயன் மக்களுடையது. ஆனால் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. ஒப்பந்தம் பெற்ற மூன்றாண்டுக்குள் நற்சான்று பெறுதல் வேண்டும். பெற்றதை இழக்காது காத்தலும் வேண்டும். உலகில் எங்கும் விருப்பத்தின்பாற்பட்ட சான்று, அங்கு ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே அமைந்தது.

அக்கிராமத்தார் மரம் வெட்டும் முறை எளியதன்று. தம் பகுதியைப் பல கூறுகளாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு கூற்றில் மட்டும் வேலை செய்கின்றனர். அக்கூற்றிலுள்ள பெருமரம் ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணிட்டு, வரைபடத்திற் குறிக்கின்றனர். அளவுக்குக் குறைந்த மரத்தைத் தொடுவதில்லை. விதை தரும் மரங்களை விட்டுவைக்கின்றனர். சராசரியாக ஒரு ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு மரங்களே வெட்டப்படுகின்றன. வெட்டிய இடத்துக்கு மீண்டும் வருவதற்கு இருபத்தைந்து ஆண்டு முதல் நாற்பது ஆண்டுவரை செல்லும். அதாவது இன்று வெட்டுபவரின் மகனோ பேரனோதான் அங்கு அடுத்த முறை வெட்டுவான். கோடையிற் காட்டுத்தீ பரவாது இரவு பகலாகக் காவலும் செய்கின்றனர்.

விளைவு யாது? ஒப்பந்தப் பகுதிகளிற் காடு பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றது. அதே காப்பகத்தில், எவரும் கைவைக்கலாகாது என்று ஒதுக்கப்பட்ட லகுனா டெல் டிக்ரே தேசியப் பூங்காவிலோ பரந்த காடு எரிக்கப்பட்டுக் கால்நடை மேய்ச்சல் நிலமாயிற்று. காவலில்லாத தடையைக் காட்டிலும், காட்டினாற் பிழைப்பவரின் அக்கறை வலிதாயிருந்தது. எனினும் இதனைக் குறையற்ற வெற்றி என்று கொள்வதும் பிழையாகும். ஒப்பந்தம் பெற்ற கிராமங்கள் சில நிலத்தைக் கால்நடைப் பண்ணையாளருக்கு விட்டுக்கொடுத்தமையால் ஒப்பந்தத்தையே இழந்தன. எல்லாவற்றுக்கும் முதலாக 1994இல் ஒப்பந்தம் பெற்ற கிராமமும் அவற்றுள் ஒன்றாகும். நிலைத்து நின்ற கிராமங்களோ, இருபத்தைந்து ஆண்டு முடியுங்காலத்தில், ஒப்பந்தம் நீடிக்குமா என்ற கவலையுடன் காத்திருந்தன. 2019 முதல் அவற்றின் ஒப்பந்தங்கள் மேலும் இருபத்தைந்து ஆண்டுக்கு நீடிக்கப்படலாயின. சான்று மட்டும் காட்டைக் காக்கவில்லை. நில உரிமையும் வருவாயும் ஊர் ஒற்றுமையும் சான்றுடன் சேர்ந்தபோதே காடு நின்றது.

இம்முறையின் குறைகளையும் மறைத்தலாகாது. முதலாவது, சோதிப்பவருக்குக் கூலி கொடுப்பவர் சோதிக்கப்படுபவரே. பரீட்சை எழுதும் மாணவனே விடைத்தாள் திருத்துபவருக்குச் சம்பளம் கொடுப்பது போன்ற நிலை இது. இரண்டாவது, சான்று பெற்ற காடுகளிற் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமே உள்ளது. எந்த வெப்பமண்டலக் காடுகளைக் காக்கவேண்டி இம்முயற்சி தொடங்கிற்றோ, அவற்றுட் சிறு பங்கே இதனுள் வந்துள்ளது. சோதனைச் செலவு, திட்டம் தீட்டும் அறிவு, கணக்கு வைக்கும் வசதி ஆகியவை ஏழை நாட்டுச் சிறு உடைமையாளருக்கு எட்டுவதில்லை. பலர் ஒன்றுசேர்ந்து ஒரே சான்று பெறும் வழி இதற்காகத் திறக்கப்பட்டுள்ளது. ஆயினும் செலவுக்கு ஈடான மேல் விலை எப்போதும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, சான்று பெற்ற இடத்திலும் தவறு நிகழ்வதுண்டு. உலகிலேயே முதன்முதல், வனப் பரிபாலன சபை தோன்றுமுன்னரே, 1990இல் நற்சான்று பெற்றவை இந்தோனேசியாவின் யாவாத் தீவிலுள்ள அரசாங்கத் தேக்கங்காடுகளாகும். 2001இல் அவற்றின் சான்று நிறுத்தப்பட்டது. கிறீன்பீஸ் சர்வதேச இயக்கம், 1993இல் தோன்றிய சபைக்குத் தொடக்க காலத்தில் ஆதரவளித்தது. ஆயினும் பல நாடுகளில் விதிகள் ஒரே உறுதியுடன் நடைமுறைப்படுத்தப்படவில்லை எனக் கூறி 2018இல் உறுப்புரிமையைப் புதுப்பிக்காது விலகிற்று. 2022இல் உக்கிரேன்மீது ரஷ்யா படையெடுத்தபோது, ரஷ்ய, பெலாரஸ் நாடுகளின் மரத்தைச் சான்றுடன் விற்பதை எவ்.எஸ்.சி. நிறுத்திவைத்தது. அதனால் 20 கோடி ஹெக்டேரைக் கடந்திருந்த அதன் பரப்பு 16 கோடி அளவுக்குச் சுருங்கியது. உலக உணவு விவசாய நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகக் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 406 கோடி ஹெக்டேர். சான்று பெற்ற காடுகள் யாவும் சேர்ந்து அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கேயாகும். 2015க்கும் 2020க்கும் இடையில் ஆண்டுதோறும் ஒரு கோடி ஹெக்டேர் காடு அழிந்ததென்பதையும் அக்கணக்கே கூறுகின்றது.

இக்காரணங்களாற் சட்டமும் துணைக்கு வந்தது. 2008இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் பழைய சட்டமொன்றைத் திருத்தி, சட்டவிரோத மரத்தை இறக்குவதைக் குற்றமாக்கின. 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. காடழித்த நிலத்தில் விளைந்த மரம், இறப்பர், கோப்பி, கொக்கோ முதலியவற்றை விலக்கும் புதிய சட்டத்தை அவ்வொன்றியம் 2023இல் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வரவேண்டிய நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒத்திவைக்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் நற்சான்று ஓர் உதவியான ஆதாரமாகுமேயன்றி, வணிகரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

இலங்கைக்கும் இதனோடு தொடர்புண்டு. சிங்கராசக் காட்டில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மரம் வெட்டப்பட்டதையும், மக்களின் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டதையும், 1988இல் அக்காடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டதையும் பலர் அறிவர். 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஆகவே இங்கு மரம் பெரும்பாலும் வீட்டு வளவுகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வருகின்றது. பால் வற்றிய இறப்பர் மரம் முன்னாளில் விறகாயிற்று. இன்று தளபாடமாகவும் சிறுவர் விளையாட்டுப் பொருளாகவும் கடல் கடந்து செல்கின்றது. மேனாட்டு வணிகர் கேட்பதனால் இறப்பர்த் தோட்டங்கள் சில எவ்.எஸ்.சி. சான்று பெற்றுள்ளன. தோட்டத்துக்கு வரும் சோதனையாளர் மரத்தை மட்டும் பார்ப்பதில்லை. பால் வெட்டுபவரின் கூலியையும், அவர் குடியிருக்கும் வீட்டையும், மருந்து தெளிப்பவர் அணியும் காப்பையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். இச்சான்றினால் தொழிலாளருக்கு விளையக்கூடிய நன்மை இதுவே. தம்மை விசாரிக்க வருபவரிடம் உண்மையை அஞ்சாது கூறும் நிலை அவருக்கு இருந்தால் அந்த நன்மை கைகூடும்.

ஆகவே முத்திரையைக் கண்டதும் முற்றும் நம்பிவிடுவதும் தகாது. ஒரு சில தவறுகளைக் கேட்டு முற்றும் தள்ளிவிடுவதும் தகாது. முத்திரையின் கீழ் ஓர் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அவ்விலக்கம் யாருடையது, சான்று இன்றும் செல்லுபடியாகின்றதா என்பதை எவரும் கேட்டறியலாம். பாடசாலைக்குக் கொப்பி வாங்கும் பெற்றோரும், கட்டடத்துக்குக் கதவு வாங்கும் ஒப்பந்தக்காரரும், இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று கடையில் ஒருமுறை கேட்கலாம். முதல் நாளிற் கடைக்காரருக்கு விடை தெரியாதிருக்கலாம். பலர் பலமுறை கேட்டால், அவர் தமக்குப் பலகை தருபவரைக் கேட்பார். அவர் மரமரியும் ஆலையைக் கேட்பார். இறுதியில் அக்கேள்வி காட்டைச் சென்றடையும்.